மட்டாஞ்சேரி: சாப்பாவும் ஓட்டும்

மூன்று மலையாளிகள் சேர்ந்தால் ஒரு மந்திரிசபை அமைத்துவிடுவார்கள், நாலாவது ஆள் வந்து உட்கார்ந்தால் அது கவிழ்ந்துவிடும் என்று இங்கே அமீரகத்தில் நம் ஆட்கள் கிண்டலடிப்பது வழக்கம். ஆபீஸ் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் அது பாதி உண்மை என்றுதான் தோன்றும். கேரள சட்டசபைத் தேர்தல் வருகிற வருஷமென்றால் கேட்கவே வேண்டாம். ஜோசப் பிரிவு, மாணி பிரிவு, ஜேகப் பிரிவு, பிள்ளை பிரிவு என்று ஒரே கேரளா காங்கிரசுக்கு இத்தனை இனிஷியலா என்று நம்மவர்களுக்குத் தலை சுற்றும். "நம்ம ஊரில் அம்மா, ஐயா, முடிஞ்சது கதை" என்று சொல்லிவிட்டு மோர்க்குழம்பில் கவனம் செலுத்துவோம்.

ஆனால் இந்தக் கூட்டணிக் கணக்கின் தொடக்கத்தில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. சின்னப் பங்கு என்று தள்ளிவிட முடியாது. வளைகுடா வருவதற்கு முன் நான்கு வருஷம் கொச்சியில் தோப்பும்படி பக்கம் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டாஞ்சேரி பஜார் ரோடில் மிளகு, சுக்கு வாசனை பிடித்துக்கொண்டு நடப்பதுதான் பொழுதுபோக்கு. கேரள அரசியல் எனக்குப் புரிய ஆரம்பித்தது அந்தத் தெருக்களில்தான். அதனால் மட்டாஞ்சேரியை மையமாக வைத்தே சொல்கிறேன்.

மட்டாஞ்சேரி என்றால் சுற்றுலாக்காரர்களுக்கு டச்சு அரண்மனை, ஜூ டவுன், யூதர் கோயில். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது வேறு. இரண்டு மைல் சுற்றளவில் கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், மாப்பிளைகள், லத்தீன் கத்தோலிக்கர்கள், நம் தமிழ் பிராமணர்கள், கோட்டைக்கொச்சி வெளியில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் தங்களைக் கூட்டிவந்தார்கள் என்று அந்தக் குடும்பங்கள் சொல்லும். இப்படி ஒரு ஊரில் எந்தத் தனிக் கட்சியும் எல்லோருடைய ஓட்டையும் வாங்கிவிட முடியாது. யாரோடாவது சேர்ந்துதான் ஆகவேண்டும். கேரளம் முழுவதற்கும் இதே கணக்கு பொருந்தும் என்பது என் எண்ணம்.

கொச்சி சமஸ்தானத்தில் சட்டசபை 1925லேயே வந்துவிட்டது. அதில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஏ.பி.சேலம், மட்டாஞ்சேரி யூதர், வக்கீல். யூத காந்தி என்று பெயர் எடுத்தவர். வெள்ளை யூதர்களின் பரதேசி கோயிலில் தன் குடும்பத்தை ஒதுக்கி வைத்ததற்கு எதிராக அங்கேயே சத்தியாக்கிரகம் செய்த மனிதர். இஸ்ரேலுக்கு எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் மட்டாஞ்சேரியிலேயே இருந்து 1967ல் இறந்தார்.

அடுத்து வருகிறார் நம் கோயமுத்தூர்க்காரர், ஆர்.கே.சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதற்கு முன் 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவான் அவர்தான். எர்ணாகுளத்தில் காயலோரமாகப் போகும் சண்முகம் ரோடு அவர் பெயரில் இருப்பது. (அந்த ரோட்டில் தினமும் பஸ் ஏறும் எத்தனையோ தமிழர்களுக்கு இது தெரியாது.) 1938ல் இவர் காலத்தில்தான் கொச்சியில் இரட்டையாட்சி வந்தது. சில துறைகள் திவானிடம், சில துறைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்குப் பதில் சொல்லும் ஒரு மந்திரியிடம். மன்னர் ஆண்ட சமஸ்தானத்தில் இது பெரிய புதுமை. முதல் மந்திரி அம்பாட்டு சிவராம மேனன் சில மாதங்களிலேயே இறந்துபோக, டாக்டர் ஏ.ஆர்.மேனன் வந்தார். 1942ல் சபை அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்ற, ராஜினாமா செய்தார். ஓட்டுப்போட்டு மந்திரியை இறக்கும் பழக்கம் அந்தப் பக்கத்தில் சுதந்திரத்துக்கு ஐந்து வருஷம் முன்பே வந்துவிட்டது என்று அர்த்தம். அதே ஏ.ஆர்.மேனன் 1957ல் நம்பூதிரிபாடின் மந்திரிசபையில் சுயேச்சையாகச் சுகாதார மந்திரி ஆனார்.

இனி துறைமுகத்துக்கு வருவோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கப்பல் வந்தால் சரக்கு ஏற்ற இறக்க ஆள் வேண்டும். ஆட்கள் நூற்றுக்கணக்கில் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். வேலை எல்லோருக்கும் கிடையாது. ஒப்பந்தக்காரனின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். அதற்குப் பெயர் சாப்பா. யார் கையில் சாப்பா அகப்படுகிறதோ அவனுக்கு அன்று வேலை, வீட்டில் அடுப்பு எரியும். அண்ணன் தம்பி என்று பார்க்காமல் கட்டிப்புரண்டு அடித்துக்கொள்வார்கள். கீழே விழுந்தவனை மிதித்துக்கொண்டு போவார்கள். ராஜீவ் ரவி எடுத்து 2023ல் வெளிவந்த 'துறமுகம்' படம் இதைத்தான் சொல்கிறது. கே.எம்.சிதம்பரன் எழுதிய நாடகம் அதற்கு மூலம். டிவிடியோ ஓடிடியோ கிடைத்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். லேபர் கேம்ப் இருக்கும் ஊரில் வாழ்கிற நமக்கு அது வேற்றுக் கதையாகத் தெரியாது.

சாப்பாவை ஒழிக்கவேண்டும், வேலையை முறைப்படி பங்கிட வேண்டும் என்று தொழிலாளர்கள் 1953ல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி என்று மூன்று பேரை அந்தப் போராட்டம் பலிகொண்டது. பெயர்களைப் பாருங்கள். மாப்பிளையும் கிறிஸ்தவரும் ஒரே சங்கத்தில். சாதி மதம் பார்த்து ஓட்டு விழும் ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தில் வயிறு வேறு மாதிரி ஆட்களைச் சேர்த்திருந்தது. இடதுசாரிகளுக்கு அந்தக் கடலோரத்தில் வேர் பிடித்ததற்கு இந்தத் துப்பாக்கிச் சூடு ஒரு பெரிய காரணம்.

அன்றைக்கு அது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். முதலமைச்சர் காங்கிரசின் ஏ.ஜே.ஜான். அவருக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். ஆமாம், மார்ஷல் நேசமணியின் கட்சி. தென் திருவிதாங்கூர் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்பதற்காகவே நடந்த கட்சி. மட்டாஞ்சேரியில் ரத்தம் காய்வதற்கு முன், அதே செப்டம்பரில், இந்தத் தமிழ்க் கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள ஜான் மந்திரிசபை சபையில் தோற்றது. துறைமுகத் தொழிலாளிக்கும் நாகர்கோவில் விவசாயிக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் இருவரும் ஒரே மாதத்தில் ஒரே அரசாங்கத்தை இரண்டு பக்கமிருந்து அசைத்தார்கள்.

1954 ஆரம்பத்தில் தேர்தல். முடிவைப் பாருங்கள்: காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, ஆர்எஸ்பி 9. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 45 பேர் வைத்திருந்த காங்கிரஸ் வெளியே நின்று ஆதரவு தர, 19 பேர் வைத்திருந்த பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர் ஆனார்! இன்று கர்நாடகத்திலோ பீகாரிலோ சின்னக் கட்சிக்காரர் முதல்வரானால் நாம் வியக்கிறோம். அதெல்லாம் இங்கே 1954லேயே நடந்துமுடிந்த கதை.

பட்டத்துக்குத் தமிழர் கோரிக்கை பிடிக்காது. அந்த வருஷம் ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆட்சியில் இருந்ததோ சோஷலிஸ்ட் கட்சி. ராம் மனோகர் லோகியா தன் சொந்தக் கட்சி முதலமைச்சரையே ராஜினாமா செய்யச் சொன்னார், அதனால் கட்சிக்குள்ளே பெரிய சண்டை. 1955 பிப்ரவரியில் பட்டம் அரசும் கவிழ்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் நம் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றுவிட்டன. பன்னிரண்டு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு இவ்வளவு சாதிக்க முடிந்தது என்றால் அது யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத சபையினால்தான். 'தொங்கு சபை' என்றாலே நாசம் என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1957ல் கேரளத்தின் முதல் தேர்தல். மட்டாஞ்சேரியில் காங்கிரசின் கே.கே.விஸ்வநாதன் ஜெயித்தார். பின்னாளில் குஜராத் கவர்னர் ஆனவர். மாநில அளவில் கம்யூனிஸ்டுகள் 126ல் 60 இடம் பிடித்து, ஐந்து சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தார்கள். அந்தச் சுயேச்சைகளில் ஒருவர் நீதிபதியாகப் பின்னாளில் புகழ்பெற்ற வி.ஆர்.கிருஷ்ணய்யர். பெரும்பான்மை கயிற்றில் நடப்பது மாதிரி இருந்தது. 1958ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தபோது ரோசம்மா புன்னூஸ் மறுபடி ஜெயித்தே ஆகவேண்டிய நிலைமை. தோட்டத் தொழிலாளர்கள் எல்லாம் தமிழர்கள். அவர்களிடம் தமிழில் பாடி ஓட்டு சேகரித்தவர் பாவலர் வரதராஜன், நம் இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா ஜெயித்தார்.

1959 ஜூலை 31 அன்று அந்த அரசை மத்திய அரசு கலைத்தது. விமோசன சமரம், கல்வி மசோதா, நேரு, இந்திரா என்று இது பலர் எழுதித் தீர்த்த கதை. நான் தாண்டிப்போகிறேன்.

நமக்கு வேண்டியது 1960 தேர்தல். காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் மூன்றும் ஒரு பக்கம், கம்யூனிஸ்ட் மறு பக்கம். இரண்டு அணி மோதும் கேரளத் தேர்தல் என்று நாம் இன்று பார்ப்பதன் முதல் உருவம் இதுதான். கம்யூனிஸ்டுகளின் ஓட்டு 35 சதவீதத்திலிருந்து 39க்கு ஏறியது. இடமோ 60லிருந்து 29க்கு இறங்கியது! ஓட்டு கூடியும் தோற்கலாம், எதிரில் எல்லோரும் சேர்ந்துவிட்டால். இந்தப் பாடத்தை அந்த ஊர்க் கட்சிகள் அதன்பிறகு மறக்கவே இல்லை.

கூட்டணியில் மரியாதை எப்படி என்பதற்கும் ஒரு சம்பவம். லீகுக்கு 11 இடம். காங்கிரஸ் அவர்களுக்கு மந்திரி பதவி தரவில்லை. சபாநாயகர் நாற்காலி மட்டும் கிடைத்தது. சீதி சாகிப் 1961ல் இறந்ததும் அந்த இடத்துக்கு சி.எச்.முகமது கோயாவைக் கொண்டுவர, லீக் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு வா என்று காங்கிரஸ் நிபந்தனை போட்டது. ஓட்டு வேண்டும், தோளோடு தோள் நிற்க வெட்கம். இதை ஞாபகம் வைத்திருந்த லீக், 1967ல் நம்பூதிரிபாடோடு போய்ச் சேர்ந்தது. ஏழு கட்சி முன்னணி. காங்கிரசுக்கு 133ல் வெறும் 9 இடம். லீகுக்கு முதல்முறையாக இரண்டு மந்திரிகள், ஒருவர் அதே முகமது கோயா. அந்தச் சபையின் துணை சபாநாயகர் மட்டாஞ்சேரியிலிருந்து ஜெயித்துப் போன லீகின் ஜாபர்கான். அரண்மனையும் மிளகு மண்டியும் உள்ள தெருவுக்கு அன்றைக்குக் கிடைத்த கௌரவம் அது.

(நடுவில் 1965 தேர்தல் ஒன்று இருக்கிறது. யாருக்கும் பெரும்பான்மை வராமல், ஜெயித்தவர்கள் ஒருநாள்கூடச் சபையில் உட்காராமல், சபையே கலைக்கப்பட்டது. எம்எல்ஏ ஆகியும் சட்டசபையைப் பார்க்காத மனிதர்கள் கேரளத்தில் உண்டு!)

அதே 1967ல் நம் ஊரிலும் கூட்டணிதான் ஜெயித்தது. திமுக, ராஜாஜியின் சுதந்திரா, லீக், மார்க்சிஸ்ட் எல்லாம் ஒரே மேடையில். ஆனால் திமுகவுக்கு மட்டும் 234ல் 137 கிடைத்துவிட்டது. அண்ணா தனியாக மந்திரிசபை அமைத்தார். சேர்ந்து ஓட்டுக் கேட்பது, பிரித்து ஆள்வது என்ற பழக்கம் அங்கே தொடங்கியது. 2006ல் 96 இடத்தோடு மைனாரிட்டியாக நின்றபோதும் கருணாநிதி காங்கிரசுக்கு மந்திரி பதவி தரவில்லை. ஒரே வருஷத்தில் ஒரே மாதிரி தொடங்கிய இரண்டு கூட்டணிகள், பாலக்காட்டுக் கணவாயின் இரண்டு பக்கமும் வேறு வேறு வழியில் போயின. எது நல்லது? என்னைக் கேட்டால், பங்கு கொடுக்கும் வழிதான் சின்ன ஜனங்களுக்கு நல்லது என்பேன். ஆட்சி அடிக்கடி தள்ளாடும், அது வேறு விஷயம்.

எவ்வளவு தள்ளாடும் என்பதற்கு 1981. அந்தோணியின் காங்கிரசும் மாணியின் கேரளா காங்கிரசும் விலகிப்போக, நாயனார் அரசு கவிழ்ந்தது. டிசம்பர் 28 அன்று கருணாகரன் பதவியேற்றார். சபையில் இரண்டு பக்கமும் சமம். எதை ஓட்டுக்கு விட்டாலும் சபாநாயகர் ஏ.சி.ஜோஸ் தன் ஓட்டைப் போட்டுத்தான் அரசைக் காப்பாற்ற வேண்டும். கொச்சி மேயராக இருந்தவர், பக்கத்துத் தொகுதி பறவூரின் எம்எல்ஏ. காஸ்டிங் வோட் மந்திரிசபை என்றே அதற்குப் பெயர். 1982 மார்ச்சில் லோனப்பன் நம்பாடன் என்ற ஒரே ஒரு உறுப்பினர் அந்தப் பக்கம் போனார். அரசு போயிற்று. மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

மே 19 அன்று தேர்தல். இரண்டு முன்னணிகள் நேருக்கு நேர். ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 77, இடது ஜனநாயக முன்னணிக்கு 63. கருணாகரன் திரும்பி வந்தார். ஆனால் ஒற்றை ஓட்டால் அரசைத் தாங்கிய ஏ.சி.ஜோஸ், பறவூரில் தோற்றார். எவ்வளவில்? 123 ஓட்டு. ஜெயித்தவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை.

இங்கேதான் நம் சாஃப்ட்வேர் மக்களுக்குச் சுவாரசியம். இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் வைக்கப்பட்டது இதே பறவூரில், இதே தேர்தலில், 84ல் 50 பூத்துகளில். தேர்தலுக்கு முன்பே இயந்திரம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனவர் சிவன் பிள்ளை. கோர்ட் தலையிடவில்லை, இயந்திரத்தில் ஓட்டு விழுந்தது, ஜெயித்தது அவரே! இப்போது தோற்றுப்போன ஜோஸ் இயந்திரத்துக்கு எதிராகக் கோர்ட்டுக்குப் போனார். 1984 மார்ச் 5 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தில் இருப்பது வாக்குச்சீட்டு, இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, சட்டத்தை மீறி எதையும் புகுத்தத் தேர்தல் கமிஷனுக்கு அதிகாரம் கிடையாது. ஐம்பது பூத்துகளிலும் சீட்டு வைத்து மறுபடி ஓட்டுப்பதிவு. இந்த முறை ஜோஸ் ஜெயித்தார். இயந்திரம் நல்லதா கெட்டதா என்று கோர்ட் பார்க்கவில்லை, அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அனுமதி 1988 டிசம்பரில் சட்டத் திருத்தமாக வந்தது. 2004 லோக்சபா தேர்தலில் நாடு முழுக்க இயந்திரம்தான். இன்று இயந்திரத்தைப் பற்றிச் சண்டை போடும் இரண்டு பக்கத்தாருக்கும் பறவூர்க் கதையை நான் விடாமல் சொல்லிவருகிறேன். ஜெயித்தவன் இயந்திரத்தைப் பழித்ததில்லை, தோற்றவன் புகழ்ந்ததில்லை. சிவன் பிள்ளை ஒருவர்தான் முன்கூட்டியே பழித்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

1982க்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் முன்னணி மாறியது. 2021ல் பினராயி விஜயன் 99 இடத்தோடு திரும்பி வந்தபோதுதான் அந்த வழக்கம் உடைந்தது. மட்டாஞ்சேரியில் லீகின் இப்ராகிம் குஞ்சு 2001லும் 2006லும் ஜெயித்தார். 2011 தேர்தலோடு மட்டாஞ்சேரி என்ற தொகுதியே இல்லை. எல்லை மறுவரையறையில் அது கொச்சி என்ற தொகுதிக்குள் போய்விட்டது. பெயர் போனதில் அங்கிருக்கும் என் பழைய அக்கம்பக்கத்தாருக்கு இன்னும் வருத்தம்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாட்டுவாசி தன் சொந்தத் தொகுதியில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். நேரில் போய்த்தான் ஓட்டுப்போட வேண்டும். அப்படிப் பெயர் சேர்த்தவர்களில் பெரும்பங்கு மலையாளிகள். தேர்தல் சமயத்தில் டிக்கெட் போட்டுக் கூட்டமாகக் கிளம்புகிறவர்களும் அவர்கள்தான். வெளியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களுக்கு அங்கே ஓட்டு இருக்கிறது, வேட்பாளர் வீடு தேடி வருகிறார். நாமோ ஊரிலும் பெயர் நீக்கப்பட்டு, இருக்கும் இடத்திலும் ஓட்டில்லாமல், கேன்டீனில் கிண்டலடித்துக்கொண்டிருக்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

2016ல் கொச்சித் தொகுதியில், டொமினிக் பிரசன்டேஷனை மார்க்சிஸ்ட் கட்சியின் கே.ஜே.மாக்சி தோற்கடித்தார். வித்தியாசம் 1,086 ஓட்டு.